மலையகத் தேயிலை: கணக்கேட்டில் எழுதப்படாத செலவுகள்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மலையகம் தொடர்பாக இரண்டு செய்திகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. அம்மாதம் 7ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்துவதெனவும், வரவுக்கான ஊக்குவிப்பாக மேலும் 200 ரூபாவை அரசாங்கமே வழங்குவதெனவும் முன்மொழியப்பட்டது. அடுத்த மூன்று வாரங்களில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. லயன் குடியிருப்புகளும் தோட்டப் பாதைகளும் மண்ணுக்குள் புதையுண்டன.

சம்பளப் பிரச்சினை தொழில் அமைச்சுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உரியது என்றும், மண்சரிவு அனர்த்த முகாமைத்துவத்துக்கு உரியது என்றும் பிரித்துப் பார்ப்பதே நமது வழக்கம். பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும் இவை வெவ்வேறு அத்தியாயங்களில்தான் இடம்பெறுகின்றன. ஆயினும் இவ்விரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பதிவுகளே. தேயிலையை உற்பத்தி செய்வதற்கு உண்மையில் ஆகும் செலவில் ஒரு பகுதி மண்ணின் மீதும் இன்னொரு பகுதி மனிதரின் மீதும் நீண்ட காலமாகச் சுமத்தப்பட்டு வந்திருக்கின்றது. அப்பகுதி எந்தக் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. நிலைபேறான வர்த்தகம் என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் வேளையில், அந்த எழுதப்படாத செலவை யார் ஏற்பது என்ற வினாவையே நாம் முதலில் எழுப்ப வேண்டியுள்ளது.

கோட்பாடும் அதன் கதியும்

வர்த்தக நிறுவனமொன்றின் ஒரே சமூகப் பொறுப்பு சட்டத்துக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் வாதிட்டார். 1987இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கை, வருங்காலச் சந்ததியினரின் தேவைகளைப் பாதிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நிலைபேறான அபிவிருத்தி என்று வரைவிலக்கணம் தந்தது. 1994இல் பிரித்தானியரான ஜோன் எல்கிங்டன், இலாபத்தை மட்டுமன்றி மக்களையும் புவியையும் சேர்த்து மூன்று கணக்குகளை நிறுவனங்கள் காட்ட வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. இலங்கைக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும் அது இடம்பிடித்தது.

ஆனால் 2018இல் எல்கிங்டனே தமது கருத்தை மீளப் பெற்றுக்கொள்வதாக எழுதினார். முதலாளித்துவத்தின் போக்கையே மறுபரிசீலனை செய்வதற்காகத் தாம் உருவாக்கிய கருத்து, வெறும் கணக்கியல் உபகரணமாகச் சுருங்கிவிட்டது என்பதே அவரது ஆதங்கம். ஒரு கணக்கில் ஏற்படும் குறையை இன்னொரு கணக்கின் மிகையால் ஈடுசெய்து காட்டும் வழக்கம் உருவாகிவிட்டது. மரநடுகையின் படம் அச்சாகும் அதே அறிக்கையில், அந்த மரத்தின் கீழ் வேலை செய்யும் பெண்ணின் குடியிருப்பு எத்தனை ஆண்டுகள் பழைமையானது என்ற தகவல் இருப்பதில்லை. இந்தக் குறைபாட்டை நமது பெருந்தோட்டத் துறையைப் போல் தெளிவாக எடுத்துக்காட்டும் துறை வேறெதுவும் இல்லை எனலாம்.

கோப்பி கற்பித்த பாடம்

இத்துறையின் தோற்றமே ஒரு சூழல் வீழ்ச்சியின் விளைவாகும். மலைநாட்டுக் காடுகளை அழித்து வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் பயிரிட்ட கோப்பியை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் சிறிது சிறிதாக அழித்தது. ஒரே பயிரை மலை மலையாக நட்டதனால் நோய் பரவுவதற்குத் தடையேதும் இருக்கவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஆரம்பித்த தேயிலைச் செய்கை அந்த அழிவின் மீதுதான் பரந்து வளர்ந்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலவிற்பனையும் தொடங்கியது.

கோப்பி வீழ்ந்தபோது முதலீட்டாளர் சிலர் நொடித்துப்போனார்கள். சிலர் பயிரை மாற்றினார்கள். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரோ வேலையும் உணவுமின்றித் தவித்தார்கள். நிலம் தளரும்போது அந்தத் தளர்ச்சியின் முதற்சுமையைத் தொழிலாளியே தாங்குகின்றான் என்ற இந்த ஒழுங்கு, பயிர் மாறியபோதும் மாறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை ஒரு பகுதியினர் அந்த நிலையிலேயே வாழ நேர்ந்தது. பேரம் பேசும் வலிமையற்ற ஒரு தொழிலாளர் சமூகம் இருந்தவரை, தேயிலையின் உண்மையான செலவு என்ன என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2045 என்ற எல்லை

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர் நட்டம் பெருகியதால் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு முகாமைத்துவம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1995 முதல் கம்பனிகளின் பங்குகளும் விற்கப்பட்டன. காணி அரசுக்கே உரியது. கம்பனிகள் அதனைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அக்குத்தகை 2045ஆம் ஆண்டில் முடிவடைகின்றது.

இந்த ஆண்டு எல்லையே இத்துறையின் சூழலியல் பிரச்சினையைப் பெருமளவுக்கு விளக்குகின்றது. முதிர்ந்த தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய பின்னர், மண்ணைத் தேற்றுவதற்காக மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை வளர்க்க வேண்டும். அதன் பின்னர் நடப்படும் கன்று முறையான பறிப்புக்கு வர மேலும் சில ஆண்டுகள் செல்லும். ஆக, மீள்நடுகை செய்யும் தோட்டம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்த நிலத்திலிருந்து வருமானம் எதனையும் காண்பதில்லை. போட்ட முதலை மீட்பதற்கோ பல ஆண்டுகள் வேண்டும். 20 ஆண்டுகளுக்கும் குறைவான குத்தகைக்காலமே எஞ்சியிருக்கும் கம்பனி, தனக்குப் பயன்தராத செடியை எதற்காக நட வேண்டும்? ஆண்டுதோறும் நிலத்தின் 2 வீதத்தையாவது மீள்நடுகை செய்ய வேண்டும் என்ற பரிந்துரை நீண்டகாலமாக இருந்தும், நடைமுறை அதனை எட்டவில்லை. பல மலைகளில் பிரித்தானியர் காலத்து விதைச்செடித் தேயிலையே இன்றும் நிற்கின்றது.

செடிகள் இறந்து வெறுமையான இடங்களில் மழை நேராக மண்ணில் விழுகின்றது. மேல்மண் கரைந்து ஓடைகளினூடாக மகாவலியையும் களனியையும் சென்றடைகின்றது. நாட்டின் பெருநதிகள் பலவற்றின் ஊற்றுக்கண்கள் தேயிலை மலைகளிலும் அவற்றையொட்டிய காடுகளிலுமே உள்ளன. காசல்றீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருப்பதும் தேயிலைதான். தோட்டத்தில் இழக்கப்படும் மண் நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிகின்றது. அந்தச் சேற்றின் செலவு மின்சார சபைக்கும் விவசாயிக்கும் உரியதாகின்றது. கம்பனியின் கணக்கேட்டில் அது இடம்பெறுவதில்லை. மாறாக, மீள்நடுகையைத் தள்ளிப்போட்டதால் மிச்சமான பணம் அந்த ஆண்டின் இலாபமாகத் தோன்றுகின்றது. வீட்டின் கூரைமரத்தை விற்றுச் சாப்பிடுபவன் அதனை வருமானம் என்று எழுதிக்கொள்வதற்கு ஒப்பானது இது.

கம்பனிகளின் பக்க நியாயம்

கம்பனிகளின் தரப்பிலும் நியாயங்கள் இல்லாமலில்லை. கொழுந்து கையால் பறிக்கப்படும் இத்தொழிலில் உற்பத்திச் செலவின் பெரும்பங்கு கூலியாகவே செல்கின்றது. தமது பொருளின் விலையைக் கம்பனிகள் தீர்மானிப்பதில்லை. வாராந்த ஏலமே தீர்மானிக்கின்றது. கென்யாவுடனும் இந்தியாவுடனும் போட்டியிட வேண்டியுள்ளது. தொழிலாளர் தொகையும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. 1992இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதன் பாதியையும் எட்டவில்லை.

அரசாங்கங்கள் சுற்றாடலின் பெயரால் எடுத்த அவசர முடிவுகளும் கம்பனிகளைப் பாதித்தன. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. மாற்று வழி தயாராக இல்லாத நிலையில் தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. அவற்றின் எச்சம் தேயிலையில் காணப்பட்டதாக ஜப்பானில் பிரச்சினை எழுந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியின் மூலம் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது. சேதனப் பசளையின் நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் பல தசாப்தங்களாகச் செயற்கை உரத்துக்குப் பழகிய மண்ணை ஒரு பருவத்தில் மாற்றிவிடலாம் என்று எண்ணியது விஞ்ஞானமும் அன்று, வர்த்தகமும் அன்று.

பொறுமையாகச் செய்யப்பட்ட மாற்றங்கள் வெற்றியளித்ததற்கு நமது வரலாற்றிலேயே சான்று உண்டு. 1930களில் தேயிலை இலைச்சுருட்டிப் புழு பெருந்தொல்லையாக இருந்தபோது, அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்று ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு மலைநாட்டில் விடப்பட்டது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் இம்முயற்சி, உயிரியல் முறையிலான பீடைக் கட்டுப்பாட்டின் சிறந்த உதாரணங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகின்றது. அண்மைக் காலத்தில், ஓசோன் படலத்தைப் பாதிக்கும் மெதைல் புரோமைட்டின் பாவனையைத் தேயிலைத்துறை கைவிட்டது. 2011 முதல் ஓசோனுக்கு நேயமான தேயிலை என்ற இலச்சினையையும் அது பெற்றது. செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. காலமும் ஆய்வும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே இவை உணர்த்தும் உண்மை.

முத்திரைகள் கூறாதவை

வெளிநாட்டுக் கடைகளில் விற்கப்படும் தேயிலைப் பொதிகளில் இன்று பலவகை முத்திரைகள் காணப்படுகின்றன. மழைக்காட்டுக் கூட்டணி, நியாய வர்த்தகம் முதலான அமைப்புகளின் சான்றிதழ்களைப் பெறுவதற்குத் தோட்டங்கள் கணிசமாகச் செலவிடுகின்றன. இவற்றால் பயன் விளையவில்லை என்று கூறிவிட முடியாது. நீரோடைகளின் கரையில் நஞ்சு தெளிக்காதிருத்தல், பாதுகாப்பு அங்கிகள் வழங்குதல், கழிவுகளை ஒழுங்காக அகற்றுதல் போன்றவற்றில் இச்சான்றிதழ்கள் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்துள்ளன.

ஆயினும் அவற்றின் எல்லைகளும் வெளிப்பட்டுள்ளன. 2015இல் அசாமின் தேயிலைத் தோட்டங்களில் பிபிசி நடத்திய புலனாய்வு, சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலும் சீர்கெட்ட குடியிருப்புகளும் மலசலகூட வசதியின்மையும் காணப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. 2021 இறுதியில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா, மலையகத் தொழிலாளரின் வேலை மற்றும் வாழ்க்கை நிலைமைகள் குறித்துக் கடுமையான அவதானங்களை முன்வைத்தார். பரிசோதகர் வரும் நாளுக்கும் ஏனைய நாட்களுக்கும் வேறுபாடு உண்டு என்பது தோட்டத்தில் வாழும் எவரும் அறிந்ததே.

இதைவிட முக்கியமான மற்றொரு விடயமும் உண்டு. நமது தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளாக ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகியவை விளங்குகின்றன. சான்றிதழ் கேட்கும் நுகர்வோரோ பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவில் உள்ளனர். அங்கும் காற்றுத் திசைமாறுகின்றது. விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறல்களையும் சூழல் பாதிப்புகளையும் கண்காணிக்குமாறு பெருங்கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் பணிப்புரையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய போதிலும், 2025இலேயே அதன் அமுலாக்கத்தைப் பிற்போட்டது. எனவே வாங்குபவரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி நமது மலைகளையும் மக்களையும் பாதுகாத்துவிட முடியாது. அந்தப் பொறுப்பு இந்த நாட்டின் சட்டத்துக்கும் அரசுக்கும் உரியது.

2022 தந்த சான்று

தேயிலையின் செலவு எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதற்கு 2022ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அவ்வாண்டு ரூபாவின் பெறுமதி சரிந்தது. டொலரில் விற்கப்படும் பொருளாதலால் தேயிலையின் ரூபா விலை ஏறியது. 2021இல் கிலோவுக்கு 620 ரூபா அளவில் இருந்த கொழும்பு ஏலத்தின் சராசரி விலை 2022இல் 1200 ரூபாவைத் தாண்டியது. உரமும் எரிபொருளும் விலையேறியது உண்மைதான். ஆனாலும் பல கம்பனிகள் அவ்வாண்டு நல்ல இலாபத்தை அறிவித்தன.

அதேவேளை 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. 2021 மார்ச்சில் வர்த்தமானியின் மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளமோ 2024 செப்டெம்பர் வரை மாறவில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் அந்த 1000 ரூபா முழுமையாகக் கிடைக்கும்; குறைந்தால் அரைப் பேர்தான். கோதுமை மாவின் விலை மடங்குகளாக ஏறிய அந்த மாதங்களில், இலங்கைத் தேயிலைக்குக் கிடைத்த கூடுதல் ரூபாவில் அதனைப் பறித்தவருக்குச் சூத்திரப்படி சேர வேண்டிய பங்கு என்று எதுவும் இருக்கவில்லை.

சிறுதோட்ட உரிமையாளரின் நிலை வேறானது. நாட்டின் தேயிலை உற்பத்தியில் ஏறத்தாழ முக்காற்பங்கு இன்று அவர்களிடமிருந்தே வருகின்றது. அவர்கள் தொழிற்சாலைக்கு வழங்கும் கொழுந்துக்கு ஏல விலையின் 68 வீதம் கிடைக்க வேண்டும் என்ற சூத்திரம் நடைமுறையில் உள்ளது. ஏலத்தில் விலை ஏறினால் அவரது வருமானமும் தானாகவே ஏறுகின்றது. நிலம் அவருடையது, அடுத்த தலைமுறைக்கும் அது சேரும், ஆகவே வெற்றிடங்களை நிரப்புவதிலும் கன்று நடுவதிலும் அவருக்கு அக்கறை உண்டு. ஒரே மலையில், ஒரே செடியில், இரண்டு வகையான பொருளாதாரம் நிலவுகின்றது. ஒன்றில் உழைப்பவர் பங்காளி; மற்றொன்றில் அவர் செலவினம்.

இதனைக் கண்டுகொண்ட சில கம்பனிகள், தேயிலை நிலத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிப்புக்குக் கொடுத்து வருமானத்தைப் பகிரும் முறையை ஆரம்பித்துள்ளன. இது வரவேற்கத்தக்க திசையே. ஆனால் காணியில் எழுத்துமூல உரிமை எதுவுமின்றி, ஊழியர் சேமலாப நிதியும் மகப்பேற்று வசதியும் கைவிடப்பட்டு, உரத்தின் செலவும் விளைச்சலின் ஆபத்தும் குடும்பத்தின் தலையில் கட்டப்படுமானால், அது பங்காளித்துவம் ஆகாது. எழுதப்படாத செலவை இன்னொரு தோளுக்கு மாற்றும் புதிய உபாயமாகவே அது முடியும்.

மண்ணும் மனிதரும்

பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட மலையில் மானாப்புல் மண்டுகின்றது, குளவிக்கூடுகள் பெருகுகின்றன, சிறுத்தையும் பாம்பும் தேயிலைக்குள் வருகின்றன. குளவி கொட்டி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பெண்களைப் பற்றிய செய்தி நமது பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றது. அத்தகைய மலைக்குத் தன் மகளை அனுப்ப எந்தத் தாயும் விரும்புவதில்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத்தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். கைகள் குறைந்ததும் மேலும் பல மலைகள் கைவிடப்படுகின்றன. தொழிலாளர் பற்றாக்குறை என்று கம்பனிகள் கூறுவதும், நிலத்தின் சீர்கேடு என்று சூழலியலாளர் கூறுவதும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

மண்சரிவு அந்த நோயின் உச்சமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. வீடும் காணியும் தோட்டத்துக்குரியவையாக இருக்கும்வரை, ஆபத்தை அறிந்த குடும்பமும் தானாக எழுந்து வேறிடம் சென்றுவிட இயலாது. பதினொரு ஆண்டுகளின் பின்னர் வந்த டித்வா புயல் அதே உண்மையைப் பன்மடங்காகக் காட்டிச் சென்றுள்ளது. எனவே காணியுரிமை என்பது ஓர் அரசியல் கோரிக்கை மட்டுமன்று. உயிர்ப் பாதுகாப்பின் முதல் நிபந்தனையும் அதுவே.

உரிமையாளரா, காவலரா?

இந்த இடத்தில் இலங்கையின் சட்ட மரபு நமக்குத் துணைநிற்கின்றது. 1997இல் சர்வதேச நீதிமன்றத்தில் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான அணைக்கட்டு வழக்கில் தனியான தீர்ப்பு எழுதிய நீதியரசர் சி.ஜி.வீரமந்திரி, நிலைபேறான அபிவிருத்தி என்பது மேற்குலகின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு அன்று எனக் காட்டுவதற்கு நமது பண்டைய குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் எடுத்துக்காட்டினார். 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நமது உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, மக்களின் சார்பில் பொறுப்பேற்ற காவலரே என்ற நிலைப்பாட்டை வலியுறுத்தியது. 2019இல் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தில் இவ்வாறு உறுதிப்பட்டுள்ளது.

அரசே காவலர் என்றால், அரசிடம் குத்தகை பெற்ற கம்பனி அதைவிட மேலான உரிமை கொண்டாட முடியாது. பெற்ற நிலத்தைப் பெற்ற நிலையிலேனும் திருப்பித் தருவதே குத்தகையாளரின் கடமை. 2045இல் மேல்மண் கரைந்த மலைகளையும் இடிந்த லயன்களையும் பெற்றுக்கொள்வதற்காக அரசு காத்திருக்க முடியாது. குத்தகையை நீடிப்பது பற்றிய பேச்சு விரைவிலோ பின்னரோ மேசைக்கு வந்தே தீரும். அந்தப் பேச்சையே சீர்திருத்தத்துக்கான வாய்ப்பாக மாற்ற வேண்டும்.

முதலாவதாக, குத்தகை நீடிப்பு மீள்நடுகை, மண்பாதுகாப்பு, காணி உறுதியுடனான வீடு ஆகியவற்றில் ஒவ்வொரு தோட்டமும் காட்டும் முன்னேற்றத்துடன் பிணைக்கப்பட வேண்டும். நடப்பட்ட செடியின் எஞ்சிய பெறுமதிக்குக் குத்தகை முடிவில் ஈடு வழங்கும் ஏற்பாடு இருந்தால், கம்பனிகளும் நடுவதற்குத் தயங்கமாட்டா. இரண்டாவதாக, கம்பனியின் மொத்த இலாபநட்டத்தோடு, தோட்டவாரியாக எத்தனை ஹெக்டயர் மீள்நடுகை செய்யப்பட்டது, எத்தனை ஹெக்டயர் கைவிடப்பட்டது, எத்தனை வேலைத்தள விபத்துகள் நிகழ்ந்தன, எத்தனை குடும்பங்கள் ஆபத்தான இடத்தில் வாழ்கின்றன என்ற விபரங்களும் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும்.

மூன்றாவதாக, குறைந்தபட்ச நாட்சம்பளம் ஒன்றை உறுதிசெய்து, அதற்கு மேல் ஏல விலையின் ஏற்றத்தில் தொழிலாளருக்கும் பங்கு கிடைக்கும் சூத்திரம் ஒன்று தேவை. சிறுதோட்ட உரிமையாளருக்குச் சாத்தியமான சூத்திரம் தொழிலாளருக்கு மட்டும் சாத்தியமற்றதாக இருக்க முடியாது. அரசாங்கம் வழங்கும் 200 ரூபா, வாழ்க்கைச் செலவால் நசுங்கும் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல்தான். ஆனால் தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பகுதியை வரிசெலுத்துவோர் ஏற்பது, தேயிலையின் விலை அதன் செலவைத் தாங்கவில்லை என்பதற்கான பகிரங்க ஒப்புதலும் ஆகும். அதனை நிரந்தர ஏற்பாடாக்கினால், கம்பனியின் கணக்கேட்டிலிருந்து இன்னொரு செலவு அகற்றப்பட்டதாகவே முடியும்.

நான்காவதாக, அரசு முதலில் தன் வீட்டைத் திருத்த வேண்டும். மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழுள்ள தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையாகக் கிடந்தமை இரகசியமன்று. தனது தோட்டத்தில் சட்டத்தை மதிக்காத அரசு, கம்பனிகளுக்குச் சட்டம் போதிக்க முடியாது. தொழிற்சங்கங்களும் சம்பளத்துக்கு அப்பால் மீள்நடுகையையும் மண்பாதுகாப்பையும் தமது பேச்சுவார்த்தை நிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலை அழிந்தால் சம்பளம் பேசுவதற்கும் இடமிருக்காது.

2024இல் தேயிலை ஏற்றுமதி இந்நாட்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டொலரை ஈட்டித் தந்தது. 2023இல் மலையக மக்கள் தமது 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடை அனுதாபம் கேட்டு நடந்த நடையன்று. இந்நாட்டின் செல்வத்தை உருவாக்கியவர்கள் என்ற முறையில் தமக்குரிய இடத்தைக் கேட்ட நடை. பெருந்தோட்டக் கம்பனிகள் நிலைபேறான வர்த்தகத்தை உண்மையாகவே நாடுமாயின், அடுத்த ஆண்டறிக்கையில் மரநடுகைப் படங்களைக் குறைத்து, இதுவரை எழுதப்படாத செலவுகளை எழுதத் தொடங்கட்டும். அவற்றை எழுதினால் இலாபம் குறைவாகத் தெரியலாம். ஆயினும் 2045இல் அந்த மலைகளில் தேயிலை இருக்குமா, அதனைப் பறிக்க மனிதர் இருப்பார்களா என்ற கேள்விக்கு நேர்மையான விடை அந்தக் கணக்கிலிருந்துதான் கிடைக்கும்.